கேஸ் பஸ்ஸுக்கு நான் உற்சவரான கதை

டிப்போவுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமார்களுக்கும் தங்கச்சிமார்களுக்கும் நாலு நல்ல வார்த்தை சொல்லுங்கள் என்று கிளை மேலாளர் என்னைக் கூப்பிட்டிருந்தார். மைக் என் கைக்கு வந்தபோது பின்வரிசையில் பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருந்தீர்கள். ராத்திரி டியூட்டி முடித்து வந்தவர்களை எழுப்புவது பாவம் என்று "எல்லாரும் நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டு வடையோடு உட்கார்ந்துவிட்டேன். இருந்தாலும் தின்ற வடைக்கு இரண்டகம் செய்யக் கூடாதில்லையா. சொல்ல நினைத்ததை இப்போது எழுதித் தருகிறேன். விழித்திருக்கும்போது படித்துக்கொள்ளுங்கள்.

வால்வை எந்தப் பக்கம் திருப்புவது, எவ்வளவு அழுத்தம் இருந்தால் வண்டியை எடுக்கலாம் என்பதெல்லாம் உங்களுக்கு வகுப்பில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அதில் கை வைக்க எனக்கு உரிமை இல்லை. வகுப்பில் யாரும் சொல்லாத ஒன்று இருக்கிறது. ஓர் ஊரே உங்கள் வண்டியை வரவேற்க ரோட்டில் வந்து நின்றால், அந்த வரவேற்பிலிருந்து வண்டியை எப்படிக் காப்பாற்றுவது? வண்டியைக் காப்பாற்றிய பிறகு அந்த ஊர் மனுசர்களை எப்படி அதில் ஏற்றுவது? முதல் பாதி எனக்குத் தெரிந்திருந்தது. இரண்டாம் பாதியைக் கற்றுக்கொடுத்தவர் ஒரு மில் தொழிலாளி, பெயர் பஞ்சவர்ணம். அவருக்கு என்னைவிட வயதும் குறைவு, பொறுமையும் குறைவு.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் நம் டிப்போவுக்கு முதல் கேஸ் பஸ் வந்தது. புது வண்டி என்று நினைத்துவிடாதீர்கள். இங்கே ஓடிய பழைய டீசல் வண்டியைத்தான் வெளியூர் பட்டறைக்கு அனுப்பி, வயிற்றைக் கிழித்து, தரைக்கு அடியில் வரிசையாக கேஸ் உருளைகளை வைத்துத் தைத்து அனுப்பியிருந்தார்கள். பெயின்ட் மட்டும் புதுசு. ஆனால் சத்தம் மாறிப்போயிருந்தது. முன்பெல்லாம் அந்த வண்டி கிளம்பினால் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் கண்ணாடி டம்ளர் ஆடும். இப்போது நல்ல பிள்ளை மாதிரி முனகிக்கொண்டே வந்து நின்றது.

ஜனங்களுக்கு ஆரம்பத்தில் பயம்தான். அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் ஓர் அம்மா ஏறி, குனிந்து சீட்டுக்கு அடியில் பார்த்துவிட்டு, "நடு ரோட்டுல சிலிண்டரு தீந்துபோனா நாங்கதான் புக் பண்ணணுமா" என்று கேட்டார். இன்னொருவர் பீடியை அணைத்துவிட்டு ஏறினார். அதை நான் என் பணிக்காலத்தில் முதல் தடவையாகப் பார்த்தேன். அந்த ஒரு காரணத்துக்காகவே கேஸ் பஸ்ஸை எனக்குப் பிடித்துப்போனது.

ஓட்டுநர்களுக்கு வகுப்பு எடுக்க ஓர் இளம் பொறியாளர் வந்திருந்தார். நல்ல பையன். பொறுமையாகச் சொன்னார். இந்த கேஸ் காற்றைவிட லேசு, கசிந்தால் மேலே போய்விடும், உருளை சாமானியத்தில் உடையாது, பயப்பட வேண்டாம்; ஆனால் எந்தக் காரணம் கொண்டும் தீயைப் பக்கத்தில் கொண்டுவராதீர்கள் என்றார். சந்தேகம் இருந்தால் கேட்கலாம் என்றும் சொன்னார். அதுதான் அவர் செய்த தப்பு.

நம் ஆட்கள் காலையில் வண்டிக்கு முன்னால் சூடம் கொளுத்தாமல், டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்காமல் வண்டியை எடுத்ததே கிடையாது. ஒருத்தர் எழுந்து, "சார், சூடம்?" என்றார்.

"கூடாது."

"பத்தி?"

"கூடாது."

"ஆயுத பூசைக்கு மட்டும்?"

"எந்தப் பூஜைக்கும் கூடாதுங்க."

"சாமி கோவிச்சுக்கிட்டா யாரு சார் பொறுப்பு?"

பொறியாளர் தன் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். அதில் சாமி பற்றி ஒன்றும் இல்லை. கடைசியில் எலுமிச்சம்பழத்தை மட்டும் அனுமதித்தார். அது தீப்பிடிக்காது என்பதில் இரு தரப்புக்கும் உடன்பாடு இருந்தது.

இப்போது ஊருக்கு வருகிறேன். பரளச்சியைத் தாண்டி, மெயின் ரோட்டிலிருந்து பிரிந்து, ஒடைமரக் காட்டுக்குள் போகும் ஒற்றை ரோட்டின் முடிவில் ஓர் ஊர். பெயர் வேண்டாம். அங்கே இன்னும் என்னைப் பார்த்தால் சிரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். மிளகாயும் மல்லியும் மானாவாரியாகப் போடுகிற ஊர். முன்பு ஒரு பஸ் போய்க்கொண்டிருந்தது. அது வழியில் படுத்துப் படுத்துக் கடைசியில் படுத்தே விட்டது. அதன் பிறகு வேறு வண்டி விடவில்லை.

பஞ்சவர்ணம் அந்த ஊரிலிருந்து அருப்புக்கோட்டை ரோட்டில் இருக்கும் நூல் மில்லுக்கு வேலைக்குப் போகிறவர். விடியற்காலையில் கிளம்பி மெயின் ரோட்டு விலக்கு வரைக்கும் நடந்து, கிடைக்கிற வண்டியில் தொற்றிக்கொண்டு போவார். பாதி நாள் லேட். இனிமேல் லேட்டாக வந்தால் வேலைக்கு வரவே வேண்டாம் என்று மில் மேஸ்திரி சொல்லிவிட்டார். அன்றைக்கே ஷிப்டு முடிந்ததும் பஞ்சவர்ணம் நம் டிப்போவுக்கு வந்து கிளை மேலாளர் மேசை முன்னால் நின்றார். மறுநாளும் நின்றார். வார விடுமுறையிலும் வந்து நின்றதால், மேலாளர் டீ குடிக்கக்கூட வெளியே போக முடியாமல், சரி என்று ஒப்புக்கொண்டார்.

ஒப்புக்கொண்டது ஒரு நிபந்தனையோடு. "கேஸ் வண்டிய காலையில ஒரு நடை விட்டுப் பாக்கேன். ஆளு ஏறுனா ஓடும். காலியா வந்துச்சுன்னா மறுநாளே காரியாபட்டி ரூட்டுக்கு மாத்திருவேன். அங்க மதுரைக்கு வேலைக்குப் போற கூட்டம் படியில தொங்குது" என்றார். "ஆளு ஏறும் சார். அத நான் பாத்துக்கிறேன்" என்றார் பஞ்சவர்ணம். அவர் சொன்ன விதத்தில், ஏறாதவர்களைத் தூக்கிப் போடுவார் என்று எனக்குத் தோன்றியது.

முதல் நாள் காலை. நான் ஓட்டுநர். நடத்துநர் ரங்கசாமி. அருப்புக்கோட்டைத் தறிக்காரக் குடும்பத்துப் பிள்ளை, வீட்டில் தெலுங்கு பேசுகிறவன், விதி என்றால் விதிதான். சாலையில் ஒரு நாய்கூட இல்லாத இடத்திலும் வண்டியைத் திருப்புவதென்றால் இறங்கி நின்று விசில் ஊதுவான். போகும் வழியில் பரளச்சியில் ஓர் ஆட்டுத் தரகர் ஏறி, உட்கார்ந்ததும் தூங்கிவிட்டார். அவர் ஒருத்தர்தான் பயணி.

கண்மாய்க் கரையைத் தாண்டி ஊர் எல்லை வளைவில் திரும்பினேன். ரோட்டில் வேப்பமரத்தடியில் ஊரே நிற்கிறது. மேளம், மாலை, சூடம் வைத்த பூசணிக்காய், ஆரத்தித் தட்டோடு பஞ்சவர்ணம். எனக்கு உள்ளம் குளிர்ந்துபோனது. அந்தக் குளிர்ச்சி ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. அவர்களுக்கும் எனக்கும் நடுவில், ரோட்டின் குறுக்கே அல்ல, நீளவாக்கில், பாம்பு மாதிரி ஒரு சரவெடி கிடந்தது. பத்தாயிரம் வாலா. அதன் அந்தப் பக்கத்து முனையில் ஒருத்தர் குனிந்து திரியில் தீயை வைத்துவிட்டு ஓடினார். இந்தப் பக்கத்து முனை என் வண்டிக்கு முன்னால் இருந்தது.

நம்ம பக்கத்து ஆட்களைத் தப்புச் சொல்ல முடியாது. சிவகாசி கூப்பிடு தூரத்தில் இருக்கிற மாவட்டம் இது. பிள்ளை பிறந்தால் வெடி, காது குத்தினால் வெடி, கிழவர் போய்ச் சேர்ந்தால் அதைவிடப் பெரிய வெடி. பஸ் வருகிறதென்றால் வெடிக்காமல் எப்படி இருப்பார்கள்?

கேஸ் கசிந்தால் என்ன செய்ய வேண்டும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். எஞ்சினை அணை, வால்வை மூடு, ஆட்களை இறக்கித் தள்ளி நிறுத்து. சரவெடி நம்மை நோக்கி நடந்து வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை. முன்னால் போக முடியாது. திருப்பலாம் என்றால் ரெண்டு பக்கமும் ஒடைமரம். அங்கேயே நிற்கலாம், உருளை சாமானியத்தில் உடையாது என்று அந்தப் பையன் சொன்னது நினைவிருந்தது. ஆனால் 'சாமானியத்தில்' என்ற சொல்லில் பத்தாயிரம் வாலா அடங்குமா என்று நான் அவனிடம் கேட்டு வைக்கவில்லை. சந்தேகம் வந்தால் துணிச்சலைத் தள்ளி வைக்க வேண்டும். ரிவர்ஸ் கியரைப் போட்டேன்.

ரங்கசாமி அப்போதும் விதியை விடவில்லை. வண்டி பின்னால் போகிறது என்று தெரிந்ததும் பின்படி வழியாகக் குதித்து, வண்டிக்குப் பின்னால் போய் நின்று விசில் ஊதினான். வண்டி வருகிற வேகத்தைப் பார்த்ததும் ஊதிக்கொண்டே ஓட ஆரம்பித்தான். விசிலுக்கு நடுவே வீட்டுத் தெலுங்கில் ஏதோ கத்தினான். அது என்ன என்று இன்று வரை என்னிடம் சொல்லவில்லை.

சரம் வெடித்து முடிவதற்குள் ஊர்க்காரர்களுக்கு ஒன்று மட்டும் புரிந்திருக்கிறது: வந்த பஸ் திரும்பிப் போகிறது. விட்டுவிடுவார்களா? புகைக்குள்ளிருந்து ஓடி வந்தார்கள். எல்லாருக்கும் முன்னால் பஞ்சவர்ணம், தட்டில் இருந்த ஆரத்தி பாதி ரோட்டிலும் பாதி சேலையிலும். பின்னால் மாலையோடு கோவில் பூசாரி. மேளக்காரர்கள் ஓடிக்கொண்டே அடித்தார்கள். வண்டி வரும்போது அடிக்க வேண்டும் என்றுதான் அவர்களிடம் பேசியிருந்தார்கள். எந்தத் திசையில் வரும்போது என்று பேசவில்லை. ஆக முதலில் ரங்கசாமி, அவனைத் துரத்திக்கொண்டு பஸ், பஸ்ஸைத் துரத்திக்கொண்டு ஊர்.

இந்த நேரத்தில்தான் ஆட்டுத் தரகர் கண் விழித்தார். சன்னலுக்கு வெளியே மரங்கள் தப்பான பக்கம் ஓடுவதையும், வெடியும் மேளமுமாக ஒரு கூட்டம் வருவதையும் பார்த்துவிட்டு, "யாருய்யா செத்தது" என்று கேட்டார். யாரும் இல்லை என்றேன். மறுபடி தூங்கிவிட்டார். அவரைப் போல ஒரு பயணி உங்களுக்கெல்லாம் அமைய வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

கண்மாய்க் கரையில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, வால்வை மூடி, இறங்கிச் சுற்றிப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை, ஒரு வாசம் இல்லை. ரங்கசாமி தரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். ஊர் வந்து சேர்ந்தது.

"சாமி மாதிரி வந்த வண்டிய எதுக்குய்யா பின்னாடி எடுத்தீக?" என்றார் பூசாரி.

"கேஸ் வண்டிங்க. முன்னாடி வெடியப் போட்டா?"

"கேஸ் வண்டின்னு எங்களுக்குத் தெரியாதா?" என்றார் பஞ்சவர்ணம். "அதுக்குத்தான் ஏற்பாடு பண்ணிருந்தேன். கம்மாக்கரையில வண்டிச் சத்தம் கேட்டதும் கொளுத்திரணும். நீங்க வந்து நிக்கிறதுக்குள்ள எல்லாம் வெடிச்சு ஓஞ்சிரும். இந்த மனுசனத்தான் கொளுத்தச் சொன்னேன்."

இந்த மனுசன் என்றது அவருடைய வீட்டுக்காரர் செல்லமுத்துவை. அவர் கையில் இன்னும் ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது. அதை முதலில் கண்மாய்த் தண்ணீரில் போடச் சொன்னேன்.

"சத்தம் கேட்டாத்தானண்ணே கொளுத்துறதுக்கு" என்றார் செல்லமுத்து, பாவமாக. "பழைய வண்டி பரளச்சியில கெளம்புனாலே எங்க ஊருல கேக்கும். அந்த அளவுக்குக் காத வச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தேன். இவுக பூன மாதிரி வந்து நிக்கிறாக."

அந்த ஊரில் யாரும் கடிகாரம் பார்த்து பஸ்ஸுக்கு வந்தது கிடையாது. காதைக் கொடுத்துத்தான் வருவார்கள். கண்மாயில் சத்தம் கேட்டால் சட்டையை மாட்ட வேண்டும், வளைவில் கேட்டால் ஓட வேண்டும். எல்லாக் கணக்கும் பழைய எஞ்சின் சத்தத்துக்குப் போட்ட கணக்கு. பஞ்சவர்ணத்தின் ஏற்பாட்டில் ஒரு குறையும் இல்லை. வண்டிதான் மாறிவிட்டது.

"சரி, நடந்தது நடந்துபோச்சு. எல்லாரும் ஏறுங்க, நேரமாச்சு" என்றேன்.

ஒருத்தரும் அசையவில்லை. மில்லுக்குப் போகிறவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், மிளகாய் மூட்டையோடு சந்தைக்குப் போகிறவர்கள், எல்லாரும் பூசாரியைப் பார்த்தார்கள்.

"எப்படி ஏறுறது?" என்றார் பூசாரி. "மொத மொதலா ஊருக்குள்ள காலு வைக்க வந்த வண்டி, வச்ச காலப் பின்னாடி எடுத்துருச்சு. இது நல்லதுக்கு இல்ல. திரும்ப மொறையா வரணும். பூசணிக்காய்ல சூடம் வச்சுச் சுத்தி ஒடைக்கணும். இன்னொரு சரம் இருக்கு, அதையும் போட்டுரணும். அப்பத்தான் கண்ணு கழியும். பொம்பளப் புள்ளைக, பச்சப் புள்ளைகல்லாம் ஏறுற வண்டி."

"சூடம் இல்லாம ஆரத்தி எடுங்க."

"சூடம் இல்லாத ஆரத்தி வெறும் மஞ்சத்தண்ணி."

"வெடிக்குப் பதிலா குலவை போடுங்க."

"குலவை போட்டா சாமிதான் வரும். கண்ணு போகாது."

தம்பிமார்களே, இந்த இடத்தைக் கவனியுங்கள். ஒரு சின்னச் சூடம்தானே, பத்தடி தள்ளி வைத்துக் காட்டினால் என்ன என்று என் மனசே எனக்குச் சொன்னது. வண்டியில் கசிவு இல்லை, ஒன்றும் ஆகப்போவதும் இல்லை. ஆனால் இன்றைக்குப் பத்தடி தள்ளி வைத்தால் நாளைக்கு ஐந்தடி வரும், ஆயுத பூஜைக்கு டாஷ்போர்டிலேயே எரியும். முடியாது என்றேன். ஊரும் முடியாது என்றது. நான் எடுத்த முடிவு சரிதான். சரியான முடிவை எடுத்துவிட்டு ஒரு காலி பஸ்ஸோடு கண்மாய்க் கரையில் நின்றேன்.

பஞ்சவர்ணம் என் பக்கம் வந்தார். குரல் இறங்கியிருந்தது. "அண்ணே, நான் ஏறிருவேன். எனக்கு கண்ணும் இல்ல மண்ணும் இல்ல. ஆனா நான் ஒருத்தி ஏறுனா நாளைக்கு இந்த வண்டி காரியாபட்டிக்குப் போயிரும். இவுகள ஏத்துற வரைக்கும் நின்னா மில்லு கேட்டு மூடிருவாக. இன்னைக்கு லேட்டானா எனக்கு வேலை இல்லண்ணே."

முப்பது டன் லாரியை மழையில் ஓரங்கட்டத் தெரியும், அந்த முகத்தை ஓரங்கட்டத் தெரியவில்லை. கஷ்டமாக இருந்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

பஞ்சவர்ணம் கொஞ்ச நேரம் வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு பூசாரி பக்கம் திரும்பினார்.

"பூசாரி மாமா, திருச்சுழி கோவில்ல திருநாளுக்கு மூலவரா தெருவுக்கு வாராரு?"

"மூலவரு எப்படித்தா வருவாரு. அவரு இருந்த எடத்துலயே இருப்பாரு. உற்சவருதான் வாராரு."

"உற்சவருக்குக் காட்டுற சூடம் மூலவருக்குச் சேருமா சேராதா?"

"அதெப்படி சேராமப் போகும்?"

"அப்ப மூலவரு இந்தா கம்மாக்கரையிலயே நிக்கட்டும்" என்று பஸ்ஸைக் காட்டினார். அதே கையை என் பக்கம் திருப்பினார். "உற்சவரக் கூட்டிட்டுப் போங்க."

பூசாரி தன் வாயாலேயே ஒப்புக்கொண்ட பிறகு என்ன செய்ய முடியும்? என்னை மேலும் கீழும் பார்த்தார். உற்சவருக்கு வேண்டிய கனம் என்னிடம் இருந்ததில் அவருக்குத் திருப்தி என்று நினைக்கிறேன்.

நான் மறுக்கத்தான் நினைத்தேன். இத்தனை வருஷ சர்வீஸ், காக்கிச் சட்டை, ஒரு மரியாதை இருக்கிறது. ஆனால் யோசித்துப் பார்த்தால் அந்தக் கண்மாய்க் கரையில் தீப்பிடிக்காத பொருள் என் மரியாதை ஒன்றுதான். சரி, வாரேன் என்றேன். வண்டிக்கு ஆட்டுத் தரகரைக் காவல் வைத்தோம். அதாவது, அவர் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார்.

இரண்டடி நடந்ததும் பூசாரி நிறுத்தினார். "வெறுங்கைய வீசிட்டு வந்தா அது டிரைவரு. ஸ்டேரிங்கு புடிச்சு வந்தாத்தான் வண்டி." ஒரு வீட்டிலிருந்து மாவுச் சல்லடை வந்தது. அதை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். எனக்குப் பின்னால், ஒரு பஸ் நீளம் விட்டு, ரங்கசாமி. அவன்தான் பின் டயர். அவனுக்குப் பின்னால் ஊர். ரங்கசாமி இரட்டை விசில் கொடுத்தான். நான் நகர்ந்தேன். மேளம் கிளம்பியது, இந்தத் தடவை சரியான திசையில்.

உங்களிடம் மறைக்க ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடத்துக்கு முன்னால் வேகத்தடை வந்ததும் என் கால் தானாகத் தயங்கியது, இடது கை சல்லடையை விட்டுவிட்டு கியரைத் தேடியது. பின்னால் "ஆமா, ஆமா" என்று கூட்டம் ஆமோதித்தது. அதற்கு மேல் எனக்கே ஒரு ஈடுபாடு வந்துவிட்டது. தெரு முனையில் வலது பக்கம் கையைக் காட்டிவிட்டுத்தான் திரும்பினேன்.

கோவில் முன்னால் ஒரு விவாதம். சந்தனம் குங்குமம் வைக்க வண்டியின் முன்பக்கம் எது? நெற்றி என்றார் சிலர். முன்னால் நீட்டிக்கொண்டிருப்பது எதுவோ அதுதான் முன்பக்கம் என்று பூசாரி தீர்ப்புச் சொன்னார். என் தொப்பையில், காக்கிச் சட்டை மேலேயே, மூன்று பட்டையும் ஒரு பொட்டும் விழுந்தது. என் செருப்புக்கு அடியில் ஒரு எலுமிச்சம்பழம், ரங்கசாமி செருப்புக்கு அடியில் ஒன்று. "வண்டிய எடுங்க" என்றார் பூசாரி. நசுக்கினோம். சூடத்தை என் முகத்துக்கு மூன்று தடவை சுற்றிக் காட்டி, பூசணிக்காயைப் போட்டு உடைத்து, மாலையைப் போட்டு, மிச்சம் இருந்த சரத்தைக் கோவில் திடலில் செல்லமுத்து கொளுத்தினார். தைரியமாகக் கொளுத்தினார், இந்த வண்டி வரும் சத்தத்துக்காக அவர் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. பெண்கள் குலவை போட்டார்கள். வெட்கம் பிடுங்கித் தின்றது என்பது உண்மை. அதே நேரம் சந்தோஷமாகவும் இருந்தது. எனக்கு அதற்கு முன்னால் கல்யாணத்துக்கு மட்டும்தான் மாலை விழுந்திருந்தது, அன்றைக்கு இவ்வளவு உற்சாகமாக யாரும் இல்லை.

"இப்ப ஏறலாமா?" என்று கேட்டார் பஞ்சவர்ணம்.

"ஏறலாம்" என்றார் பூசாரி. சொன்னவர்தான் முதலில் கண்மாய்க் கரைக்கு ஓடிப்போய் முன் சீட்டைப் பிடித்தார்.

நின்றிருந்த ஊர் அப்படியே ஏறியது. மில்லுக்குப் போகிறவர்கள் ஏறினார்கள், பள்ளிப் பிள்ளைகள் ஏறினார்கள், எந்த வேலையும் இல்லாதவர்கள் வண்டி எப்படிப் போகிறதென்று பார்க்க ஏறினார்கள். மேளக்காரர்கள் அருப்புக்கோட்டை வரைக்கும் இலவசம் என்று நினைத்து ஏறினார்கள். ரங்கசாமி அவர்களுக்கும் டிக்கெட் கிழித்தான். ஆட்டுத் தரகர் எழுந்து, ஊர் வந்துவிட்டதா என்று கேட்டு, வந்துவிட்டு இப்போது திரும்பப் போகிறோம் என்றதும், பரவாயில்லை என்று உட்கார்ந்துகொண்டார்.

பரளச்சி தாண்டும்போது ரங்கசாமியின் போன் அடித்தது. கிளை மேலாளர். நாங்கள் அருப்புக்கோட்டைக்குப் போய்ச் சேரும் முன்பே வாட்ஸப் போய்ச் சேர்ந்திருந்தது. அவர் போட்ட சத்தம் எனக்கே கேட்டது.

"கேஸ் பஸ்ஸு வெடிச்சிருச்சாமேப்பா?"

"இல்ல சார். சரம்தான் வெடிச்சது. வண்டிக்கு ஒண்ணும் இல்ல."

"டிரைவரு?"

"கழுத்துல மாலை போட்டு, சந்தனம் பூசியிருக்காக சார்."

"அடப்பாவமே, எத்தன மணிக்குப்பா போனாரு?" என்றார் மேலாளர். நான் ஓட்டிக்கொண்டிருப்பதை விளக்கிச் சொல்ல ரங்கசாமி பட்ட பாடு பெரிது. விஷயம் புரிந்ததும் மேலாளர், ஆளு ஏறிச்சா என்று ஒரே கேள்விதான் கேட்டார். ரங்கசாமி பதில் சொல்லாமல் போனைக் கூட்டத்துப் பக்கம் நீட்டினான். ஊர் மொத்தமும் சேர்ந்து குலவை போட்டது. "சரி சரி, அந்த ரூட்டுலயே ஓடட்டும்" என்று போனை வைத்துவிட்டார். வண்டிக்குள் ஒரே ஆரவாரம்.

பஞ்சவர்ணம் மட்டும் அதில் கலந்துகொள்ளவில்லை. என் சீட்டுக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். பஸ்ஸை ஊருக்கு வாங்கிக்கொடுத்தாயிற்று. வேலை போய்விட்டால் அந்தப் பஸ்ஸில் ஏறி அவர் எங்கே போவார்? "கொஞ்சம் வெரசாப் போங்கண்ணே" என்று பின்னாலிருந்து பலர் சொன்னார்கள். அவர் சொல்லவில்லை. மிதித்திருந்தால் கொஞ்சம் நேரத்தை மிச்சம் பிடித்திருக்கலாம். ஆனால் ஊரையே ஏற்றிக்கொண்டு அப்படி ஓட்டுகிறவன் ஓட்டுநர் இல்லை. ஓட்டுகிற வேகத்தில்தான் ஓட்டினேன். அந்த ரோடு அன்றைக்குப் போல நீண்டு நான் பார்த்ததில்லை.

மில் வாசலில் நிறுத்தியபோது கேட் மூடியிருந்தது. சங்கு ஊதி நேரமாகியிருந்தது. கேட்டுக்கு முன்னால் மேஸ்திரி இடுப்பில் கை வைத்து நின்றார். பஞ்சவர்ணம் முதலில் இறங்கினார். சேலையில் ஆரத்திக் கறை, தலையில் பூசணிக்காய் விதை. நான் எஞ்சினை அணைத்துவிட்டேன். பின்னால் மேளக்காரர்கள்கூடக் குச்சியைக் கீழே வைத்துவிட்டார்கள்.

மேஸ்திரி அவரைப் பார்த்தார். சன்னலுக்குச் சன்னல் தலையை நீட்டிக்கொண்டிருந்த ஊரைப் பார்த்தார். மாலையும் கழுத்துமாக ஸ்டேரிங்கில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார். கண்டிப்பை எங்கே வைத்தோம் என்று அவர் தேடுவது தெரிந்தது.

"என்ன பஞ்சவர்ணம், இன்னைக்கும் லேட்டு. என்ன காரணம்?" என்றார்.

"இம்புட்டு நாளும் எங்க ஊருக்கு பஸ்ஸு வரலன்னு லேட்டா வந்தேன் சார்" என்றார் பஞ்சவர்ணம். "இன்னைக்கு பஸ்ஸு வந்துருச்சு. அதான் லேட்டு."

மேஸ்திரி திரும்பிப் போய், கேட்டைத் தன் கையாலேயே திறந்துவிட்டார்.